ஊசி வேலை செஞ்சதுக்குத் தண்டனை

கொரோனா ரெண்டாவது அலை ஓய்ஞ்சு, அம்பத்தூர் எஸ்டேட்ல கம்பெனிங்க எல்லாம் திரும்பவும் முழு மூச்சா ஓட ஆரம்பிச்ச சமயம். ஒரு திங்கட்கிழமை காலையில எங்க கம்பெனி கேட்ல ஆரம்பிச்சது இந்தக் கூத்து. இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நடுநடுவுல வார்த்தை தடிச்சா மன்னிச்சுக்கோங்க. எங்க லைன்ல எனக்கு 'பட்டாசு'ன்னு பேரு, சும்மா வைக்கலை.

நான் கார் பார்ட்ஸ் கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுல இருக்கேன். மெஷின்லருந்து வர்ற ஒவ்வொரு பார்ட்டையும் அளந்து பார்த்து, சரியா இருந்தா பச்சை ஸ்டிக்கர், தப்பா இருந்தா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். சிவப்பு ஒட்டினது ரிஜெக்ட். அதைக்கூட எடுத்த எடுப்புல குப்பையில போட மாட்டோம். இன்னொருத்தர் திரும்ப ஒரு தரம் அளந்து பார்த்த பிறகுதான் சிவப்புத் தொட்டிக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க.

வீட்ல நானும் எங்க அம்மாவும் மட்டும்தான். அப்பா ஆவடியில பாதுகாப்புத் தொழிற்சாலையில வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணினதும் வெள்ளானூர்ல ஒரு சின்ன வீடு கட்டினார். கிரகப்பிரவேசம் முடிஞ்ச கையோட போய்ச் சேர்ந்துட்டார். அதுக்கப்புறம் அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. திங்கள், புதன், வெள்ளி ஆவடியில டயாலிசிஸ். டயாலிசிஸ் வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், திங்கட்கிழமைதான் ரொம்பக் கண்டம். நடுவுல சனி, ஞாயிறு ரெண்டு நாள் உடம்புல தண்ணி சேர்ந்துக்கிட்டே இருக்கும். கால் வீங்கும், படுத்தா மூச்சு வாங்கும். திங்கட்கிழமை ஒண்ணைத் தவறவிட்டா நுரையீரல்ல தண்ணி ஏறிடும்னு டாக்டர் எங்களை மிரட்டியே வச்சிருந்தாங்க. அம்மாவோ, ஒரு டம்ளர் தண்ணிக்கு எங்கிட்ட சின்னப் பிள்ளை மாதிரி சண்டை போடுவாங்க. "நீ என்னடி, குழாய்க்குக் காவல்காரியா?"ன்னு கேப்பாங்க.

சரி, கேட்டுக்கு வர்றேன்.

அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் கம்பெனியிலயே கேம்ப் போட்டு எங்க எல்லாருக்கும் ரெண்டாவது தடுப்பூசி போட்டிருந்தாங்க. போடாதவங்க கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு ஒரே கெடுபிடி. அம்மாவை நினைச்சு நான் முதல் ஆளா கையை நீட்டினேன். ரெண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி, எல்லாம் பட்டாச்சு.

அந்தத் திங்கட்கிழமை போனா, கேட்ல ஷாமியானா. விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, வெள்ளை பிளாஸ்டிக் கார்டுல விட்டுப் பார்க்கறாங்க. எல்லாரும் பார்த்துட்டுத்தான் உள்ள போகணுமாம். யாரோ வெளி ஆள் மூலமா அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியா அந்தக் கார்டை வாங்கி இறக்கியிருக்காங்க. அதைப் படிச்சுச் சொல்ல யாரை உட்கார வச்சாங்க தெரியுமா? எங்க குவாலிட்டி டிபார்ட்மென்ட் ஆளுங்களை! பார்ட்டை அளக்கறவங்கதானே, மனுஷங்களையும் அளந்துடுவாங்கன்னு எந்தப் புண்ணியவானுக்குத் தோணிச்சோ தெரியலை.

எங்க பொம்பளைங்க வரிசையில ஒரே சிரிப்பு. "ரெண்டு கோடு வந்தா வளைகாப்புக்குச் சொல்லி விடுங்கடி"ன்னு ஒருத்தி சத்தமா சொன்னா. நானும் சேர்ந்து சிரிச்சேன். என் முறை வந்தது. குத்தினாங்க. ரத்தம் விட்டாங்க. கொஞ்ச நேரத்துல ரெண்டு கோடு வந்து நின்னுச்சு.

"பாசிட்டிவ்"ன்னார் அந்த ஆள். அவ்வளவுதான், பக்கத்துல நின்ன செக்யூரிட்டி நான் நின்ன இடத்துல, என் செருப்பு மேலயே, மருந்து அடிச்சான். என் ஐ.டி. கார்டுல பளிச்சுனு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாங்க. நான் பார்ட்டுக்கு ஒட்டற அதே சிவப்பு ஸ்டிக்கர்! அப்புறம் அந்த டெஸ்ட் கார்டை என் கையில குடுத்து, முகத்துக்குப் பக்கத்துல பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தாங்க. ஸ்டேஷன்ல திருடங்களை நிக்க வச்சு எடுப்பாங்களே, அந்த மாதிரி.

ஹெச்.ஆர். அதிகாரி கொஞ்ச தூரத்துல நின்னுக்கிட்டிருந்தார். "சார், எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. இன்னொரு தரம் பாருங்க. பார்ட்டுக்கே ரெண்டு தரம் பார்க்கறோமே சார்"ன்னேன்.

"ஆர்க்யூ பண்ணாதீங்க மேடம். வீட்டுக்குப் போய் தனியா இருங்க. அடுத்து!"ன்னார்.

அடுத்து! எங்க லைன்ல ஒரு ஆள் இருக்கான். கேம்ப் அன்னிக்கு ஊசிக்குப் பயந்து பாத்ரூம்ல ஒளிஞ்சவன், அப்புறம் எங்கயோ போலி சர்டிபிகேட் வாங்கிக் காட்டினவன். பக்கத்து ஆம்பளைங்க வரிசையில அவனுக்கு ஒரே கோடு. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு என்னைப் பரிதாபமாப் பார்த்துட்டு உள்ள போனான். எனக்கு அப்புறமும் நிறைய பேருக்கு ரெண்டு கோடு வந்து துரத்தினாங்கன்னு பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சது. பாசிட்டிவ்னு சொன்ன என்னை, நீ எப்படி வீட்டுக்குப் போவே, எந்த பஸ்ல ஏறுவேன்னு கேக்க ஒரு நாதி இல்லை. ஏதோ என் நல்ல நேரம், அன்னிக்கு ஸ்கூட்டியில போயிருந்தேன்.

பாடிக்குப் போற ரோட்டுல வண்டியைத் திருப்பினதே எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு நேரெதிர்ப் பக்கம் கொஞ்ச தூரம் போய்ட்டுத்தான் சுதாரிச்சுத் திரும்பினேன். தலைக்குள்ள ஒரே கணக்குதான் ஓடிச்சு. இன்னிக்கு திங்கட்கிழமை. மத்தியானம் டயாலிசிஸ். ராத்திரி பூரா அம்மா பக்கத்துலதானே படுத்திருந்தேன், காலையில என் கையாலதானே இட்லி ஊட்டினேன். ஐயோ, நானே எங்க அம்மாவுக்கு எமனா வந்துட்டேனான்னு நினைச்சு ஹெல்மெட்டுக்குள்ளயே அழுதேன்.

வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ள போகாம கத்தினேன். அம்மா பையை மடியில வச்சுக்கிட்டு தயாரா உட்கார்ந்திருந்தாங்க. கால் ரெண்டும் உப்பிப் போயிருந்துச்சு, பேசப் பேச மூச்சு இரைக்குது. விஷயத்தைச் சொன்னேன். "உனக்காடி? யானைக்குட்டி மாதிரி இருக்க, உனக்கு என்னடி நோவு?"ன்னாங்க. கண்ணு மட்டும் கலங்கிடுச்சு.

வழக்கமா அம்மாவைக் கூட்டிட்டுப் போற ஆட்டோக்காரத் தம்பி எங்க தெருவுலயே இருக்கான். அவன் சம்சாரம் எங்க கம்பெனி கேன்டீன்ல வேலை. நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள என் போட்டோ கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல சுத்தி, கேன்டீன் வரைக்கும் வந்து, அவன் போனுக்கும் வந்துடுச்சு. பேரு, டிபார்ட்மென்ட் எல்லாம் போட்டு, கீழ பெருசா 'பாசிட்டிவ்'.

அவன் ஆட்டோவைத் தெருமுனையிலயே நிறுத்திட்டு, அங்கருந்தே பேசினான். "அக்கா, தப்பா நெனச்சுக்காத. எனக்கும் ஊட்ல கொயந்த கீது. போட்டோ பார்த்ததுலருந்து எம் பொண்டாட்டி போன் மேல போன் போட்டுகினு கீறா."

"தம்பி, இன்னிக்கு விட்டா அம்மா தாங்க மாட்டாங்கப்பா"ன்னு கெஞ்சினேன். நான் யார்கிட்டயும் கெஞ்சறவ இல்லை. அன்னிக்குக் கெஞ்சினேன்.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சான். "சரி, ஆயாவ நான் இட்டுகினு போறேன். நீ மட்டும் ஏறாத. வண்டியில பின்னால வா"ன்னான்.

அம்மா தானே சுவரைப் பிடிச்சு பிடிச்சு நடந்து போய் ஆட்டோவுல ஏறினாங்க. நான் வீட்ல இருக்கற நாள்ல நான்தான் இடுப்புல கை குடுத்து ஏத்துவேன். அன்னிக்குத் தள்ளி நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். ஆட்டோ முன்னால போக, நான் ஸ்கூட்டியில பின்னாலயே ஆவடி வரைக்கும் போனேன்.

டயாலிசிஸ் சென்டர் வாசல்ல வாட்ச்மேன் வழக்கம்போல "காய்ச்சல், சளி ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டார். அம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள ஆட்டோக்காரன், "அவங்களுக்கு இல்ல சார், ஆனா ஊட்ல ஒரு பாசிட்டிவ் கேஸ் கீது"ன்னு உளறிட்டான். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். உள்ள அம்மா மாதிரியே நாலு பேர் மெஷின்ல படுத்திருப்பாங்கன்னு அவனுக்குத் தெரியும்.

கேட்டைச் சாத்திட்டாங்க. நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டு வந்தாத்தான் உள்ள விடுவோம்னுட்டாங்க. லேபுக்கு அனுப்பினா அந்த ரிப்போர்ட் மறுநாள்தான் வரும். அதுவரைக்கும் அம்மா? பாவம், அந்த வாட்ச்மேன்தான் என்ன பண்ணுவார்.

நல்ல வெயில். நிழல்னு ஒண்ணும் இல்லை. அம்மா ஆட்டோவுல உட்கார முடியலைன்னு இறங்கி, கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. உட்கார்ந்தா மூச்சு முட்டுது, நின்னா கால் தாங்கலை. உதடு வெளுத்துப் போச்சு. நான் இந்தப் பக்கம் ஸ்கூட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, கேட்டைப் பார்த்துக் கத்தறேன், சென்டருக்குப் போன் போடறேன், மறுபடியும் கத்தறேன்.

அப்பத்தான் அம்மா கை கம்பியிலருந்து வழுக்கிச்சு. அப்படியே என் பக்கமா சாஞ்சாங்க. நான் ஒரே பாய்ச்சலா ஓடினேன், ரெண்டு கையையும் நீட்டினேன். தொடற தூரத்துல போய், கையைப் பின்னால இழுத்துக்கிட்டேன். பாசிட்டிவ்! நான் தொட்டா அம்மா செத்துடுவாங்க! அந்த ஒரு நினைப்புதான். அம்மா என் கையைப் பார்த்தாங்க, அப்புறம் என் முகத்தைப் பார்த்தாங்க.

ஓடி வந்து தாங்கிப் பிடிச்சது அந்த ஆட்டோக்காரன். கொயந்த கீதுன்னு தெருமுனையில நின்னவன், மாஸ்க்கு நழுவினதுகூடத் தெரியாம அம்மாவைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு, "ஆயா, மூச்சு உடு, மூச்சு உடு"ன்னு கத்தறான். பெத்த பொண்ணு நான் ரெண்டடி தள்ளி நின்னு வேடிக்கை பார்க்கறேன்.

அதுக்கப்புறம் நான் போட்ட கூச்சல்ல ஆவடியே திரும்பிப் பார்த்திருக்கும். "ஒரு உசுரு உங்க கேட்ல போச்சுன்னா உங்க எல்லாரையும் சும்மா விட மாட்டேன்"னு என்னென்னமோ வாய்க்கு வந்தபடி கத்தினேன். அந்தச் சத்தத்துக்குத்தான் உள்ளருந்து டியூட்டி டாக்டர் வந்தாங்க. சின்ன வயசுப் பொண்ணு, நீல கவுன், முகத்துக்கு முன்னால பிளாஸ்டிக் தடுப்பு. முதல்ல அம்மாவை வெளி வராண்டாவுல ஒரு சேர்ல உட்கார வச்சு, ஆக்சிஜன் குழாயை மாட்டச் சொன்னாங்க. அப்புறம் எங்கிட்ட, "யாருக்குப் பாசிட்டிவ்? என்ன டெஸ்ட் எடுத்தீங்க?"ன்னாங்க.

கம்பெனி குரூப்ல வந்திருந்த என் போட்டோவைக் காட்டினேன். பெருசு பண்ணச் சொல்லிப் பார்த்தாங்க. அந்தக் கார்டையே உத்து உத்துப் பார்த்தாங்க.

"மேடம், நீங்க ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"ரெண்டும் போட்டாச்சு டாக்டர். இதே கம்பெனியிலதான் போட்டாங்க."

அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டாங்க. "இது நோய் இருக்கான்னு பார்க்கற கார்டே இல்லை மேடம். நோயை எதிர்க்க உடம்பு ஆன்டிபாடியைத் தயார் பண்ணி வச்சிருக்கான்னு பார்க்கற கார்டு. உங்க ஊசி வேலை செஞ்சிருக்கு. அதைத்தான் அந்தக் கோடு சொல்லுது. இதை வச்சா உங்களைத் துரத்தினாங்க?"

அந்தச் செவப்புக் கோடு எதனாலன்னு அப்புறம் ஒரு நாள் அவங்களே விளக்கினாங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக்கின தங்கமாம். நம்ம ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடியோட ஒட்டிக்கிட்டு ஒரு இடத்துல குவிஞ்சு செவப்பாத் தெரியுமாம். எவ்வளவு பெரிய படிப்பு படிச்சவங்க உட்கார்ந்து யோசிச்சு பண்ணினதா இருக்கும்! அது கடைசியில யார் கைக்குப் போச்சு பாருங்க. தங்கம் போட்டுக்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கலை, தங்கத்தால சந்தி சிரிக்கவாவது குடுத்து வச்சிருந்துச்சு.

டாக்டர் என் பேச்சை மட்டும் நம்பி கேட்டைத் திறந்துடலை. எனக்கும் அம்மாவுக்கும் மூக்குல குச்சி விட்டு, நோய்க்கிருமியையே நேரடியாப் பார்த்துக் கொஞ்ச நேரத்துலயே சொல்ற வேற கார்டுல டெஸ்ட் பண்ணினாங்க. அது ஆகற வரைக்கும் நான் அம்மாகிட்ட போகலை. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லைன்னு வந்தது. அம்மாவை ஸ்ட்ரெச்சர்ல வச்சு உள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க. நான் ஓடிப் போய் அந்த வீங்கின காலைப் பிடிச்சுக்கிட்டேன். அம்மாவுக்குப் பேச முடியலை. கையால மட்டும் என் தலையில லேசா ஒரு தட்டு தட்டினாங்க.

அன்னிக்கு இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா அம்மாவை வேற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போயிருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. போற வழியிலயே ஏதாவது ஆகியிருக்கும்னு அவங்க சொல்லலை, எனக்கே தெரியும்.

மறுநாள் நான் கம்பெனிக்குப் போனேன். கேட்ல தடுத்த செக்யூரிட்டியை ஒரு பார்வை பார்த்தேன், ஒதுங்கிட்டான். நேரா ஹெச்.ஆர். ரூம். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். அந்த ஆளுக்கு முகம் செத்துப் போச்சு. எங்கயோ போன் போட்டார், கிசுகிசுன்னு பேசினார், வச்சார். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்தார்.

"சாரி மேடம். எல்லார் நல்லதுக்கும்தானே பண்ணோம். இதைப் பெருசு பண்ணாதீங்க"ன்னார்.

கதவைச் சாத்திட்டுச் சொன்னார் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. அவமானப்படுத்தறது ஊர் பார்க்க கேட்ல, மன்னிப்பு மட்டும் ஏ.சி. ரூம்ல மூடின கதவுக்குப் பின்னாலயா? "எங்கிட்ட எதுக்கு சார் சாரி? எங்க அம்மாகிட்ட சொல்லுங்க"ன்னு போன் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு அவர் மேஜை மேல வச்சேன்.

அவர் எச்சில் முழுங்கிட்டு, "அம்மா வணக்கம், நான் கம்பெனியிலருந்து பேசறேன். நேத்து நடந்ததுக்கு சாரிம்மா. ஒரு சின்ன மிஸ்டேக்"ன்னார்.

அப்புறம் அம்மா பேசினாங்க. கோபமே இல்லை குரல்ல.

"தம்பி, உன் சாரியை வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்ண? நான் விழப் போறேன், எம் பொண்ணு தாங்கிப் பிடிக்க ஓடி வந்து, கையைப் பின்னால இழுத்துக்கிட்டா. பெத்தவளைத் தொட பயந்துக்கிட்டு அரை மணி நேரம் தள்ளி நின்னா. அவளை அப்படி நிக்க வச்சீங்களே, அந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் குடு பார்க்கலாம்."

போனை எடுத்து நான்தான் கட் பண்ணினேன்.

அதுக்கப்புறம் ஷாமியானாவைப் பிரிச்சாங்க, மீதி இருந்த பெட்டிங்க ஓசைப்படாம எங்கயோ போச்சு. ஒரு அறிவிப்பு கிடையாது, குரூப்ல ஒரு வரி கிடையாது. இதுக்கு நடுவுல, "ஊசியே போட்டிருக்கக் கூடாதுக்கா, அதனாலதானே இந்த வம்பு"ன்னு எங்க பொம்பளைங்க நாலு பேர் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சது. ஷிஃப்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா நிப்போமே, அங்க யார் பர்மிஷனும் கேக்காம முன்னால போய் நின்னு, நடந்தது எல்லாத்தையும் போட்டு உடைச்சேன். நம்ம உடம்பு நல்லா வேலை செஞ்சதுக்குத்தான்டி நம்மளைத் துரத்தினாங்க, ஊசி மேல பழியைப் போடாதீங்கன்னு சொன்னேன். சூப்பர்வைசர்கூட என்னை நிறுத்தலை.

அம்மா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் இருந்தாங்க. கடைசியில இதயம் தாங்காம, என் மடியிலதான் போனாங்க. அன்னிக்கு அவங்களை இறுக்கிப் பிடிச்சுக்க எனக்கு யார் தடையும் இல்லை. கோபம் நல்லதில்லை, மறந்துடுன்னு எங்கிட்ட சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா தனக்குத் தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி ஒருத்தர் சத்தமா சொல்லும்போதெல்லாம், அதைக் கேட்டு எங்கயோ ஒரு பொண்ணு தன் அம்மாகிட்டருந்து கையைப் பின்னால இழுத்துக்குவாளேன்னு எனக்குப் பதறுது, அதனால இந்தக் கோபம் எனக்கு ஆறவே வேணாம்.